நியூயார்க்கில் சல்சா: எங்கே கற்பது, எந்த இரவில் எங்கே ஆடுவது?

ஒரு வாசகரின் கேள்வி, 13 ஜனவரி 2024

வேலைக்காக ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்திருக்கிறேன். சல்சா என்கிற லத்தீன் ஜோடி நடனத்தைக் கற்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. "நியூயார்க்கின் சிறந்த 10 சல்சா க்ளப்" என்று இணையத்தில் வருகிற பட்டியலை நம்பிப் போனால் ஓர் இடம் மூடிக் கிடக்கிறது, இன்னோர் இடத்தில் ஹிப் ஹாப் ஓடுகிறது. ஆடத் தெரிந்தவர்கள் நல்ல பள்ளி ஒன்று, நல்ல க்ளப் ஒன்று, பெயர் மட்டும் சொன்னால் போதும்.

14 ஜனவரி 2024

வாசகருக்கு என் பதில்: பெயர் சொல்லலாம். ஆறு மாதம் கழித்து இதைப் படிக்கிறவருக்கு அந்தப் பெயர் உதவாது.

இந்த ஊரில் சல்சாவுக்கென்றே வாரம் முழுவதும் திறந்திருக்கும் க்ளப் என்பது அபூர்வம். இருப்பது சல்சா இரவு. ஒரு பாரோ ரெஸ்டாரண்டோ தனக்குக் கூட்டம் வராத திங்களையோ செவ்வாயையோ ஓர் அமைப்பாளரிடம் கொடுக்கும். அவர் ஒரு டி.ஜே.யைப் பிடிப்பார், ஆரம்பத்தில் ஒரு மணி நேர வகுப்பு வைப்பார், வாசலில் பணம் வாங்குவார். மற்ற நாட்களில் அங்கே என்ன ஓடுகிறது என்பதற்கும் சல்சாவுக்கும் சம்பந்தமே இருக்காது. நீங்கள் ஹிப் ஹாப் கேட்ட இடம்கூட வேறொரு கிழமையில் சரியான இடமாக இருந்திருக்கலாம்.

இரவுகள் ஏன் நிலைப்பதில்லை? ஆடுகிறவர்கள் குடிப்பதில்லை. நாலு மணி நேரம் சுழல்கிறவருக்குத் தண்ணீர்தான் வேண்டும். பார்க்காரருக்கு வருமானம் மதுவில். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் கிழமையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அமைப்பாளர் தன் டி.ஜே.யையும் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளி இன்னோர் இடத்தில் உட்காருவார்.

பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான். கோபகபானா என்கிற க்ளப் 1940-இல் கிழக்கு 60-வது தெருவில் தொடங்கியது. அப்புறம் மேற்கு 57-வது தெரு, பிறகு 34-வது தெரு. அங்கிருந்து 2007-இல் கிளம்ப வேண்டிவந்தது, 7-ஆம் எண் சப்வேயை நீட்டிக்க அந்த மனை தேவைப்பட்டதால். 2011-இல் டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் 47-வது தெருவில் மறுபடி திறந்தார்கள். 2020-இல் கொரோனாவோடு அதுவும் மூடியது. பெயர் ஒன்று, முகவரி ஊரெல்லாம்.

அதனால் இடத்தைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். எங்கேயாவது ஒரு நல்ல இரவு அமைந்தால் டி.ஜே.யின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு எடுத்தவர் மற்ற நாட்களில் எங்கே சொல்லிக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்த இரண்டு பேரையும் பின்தொடர்ந்தால் போதும், அடுத்த மூன்று வருடத்துக்கு இடம் தானாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

14 ஜனவரி, இரவு

சரி, ஒரு பெயராவது சொல்லாமல் தூக்கம் வராது. வேரிக் தெருவில், ஹூஸ்டன் தெரு சப்வே நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எஸ்.ஓ.பி.ஸ் என்கிற க்ளப். 1982-இலிருந்து அதே இடம். பல வருடங்களாக வெள்ளிக்கிழமை அங்கே நேரடி இசைக்குழு, ஆரம்பத்தில் வகுப்பு. போகிற வாரம் என்ன நிகழ்ச்சி என்று அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

16 ஜனவரி 2024

"ஆடுவதற்கு ஏன் இவ்வளவு ஒளிந்து மறைந்து இடம் தேட வேண்டியிருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாடகையும் மதுவும் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணமாக இருந்தது. இந்த நகரத்தில் 1926-இலிருந்து கேபரே சட்டம் என்று ஒன்று இருந்தது. தனி உரிமம் வாங்காத பாரிலோ ரெஸ்டாரண்டிலோ வாடிக்கையாளர்கள் ஆடவே கூடாது. உரிமம் வாங்குவது சாதாரண வேலையில்லை, பெரும்பாலானவர்கள் வாங்கவில்லை. 1980-கள் வரை உரிமம் இல்லாத இடத்தில் எந்த வாத்தியம் வாசிக்கலாம் என்பதில்கூடக் கட்டுப்பாடு. பியானோவும் தந்தி வாத்தியமும் வாசிக்கலாம், டிரம்மும் ஊது கருவியும் கூடாது. டிரம்மும் டிரம்பெட்டும் இல்லாமல் சல்சாவில் மிச்சம் என்ன இருக்கிறது?

2017-இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அதற்கு முன்னால் இங்கே ஆடிய சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: சோதனைக்கு ஆள் வந்தால் டி.ஜே. பாட்டை மாற்றிவிடுவார், எல்லோரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

20 ஜனவரி 2024

பள்ளி விஷயம். பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "ஆன் ஒன்னா, ஆன் டூவா?"

சல்சா எட்டு எண்ணிக்கையில் நகர்கிறது. 1, 2, 3 அடி, 4-இல் நிற்கிறோம். 5, 6, 7 அடி, 8-இல் நிற்கிறோம். உடம்பு திசை மாறுகிற அடியை பிரேக் என்பார்கள். அது 1-லும் 5-லும் விழுந்தால் ஆன் ஒன். 2-லும் 6-லும் விழுந்தால் ஆன் டூ. லாஸ் ஏஞ்சலஸிலும் உலகத்தின் பல ஊர்களிலும் ஆன் ஒன்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். நியூயார்க்கின் ஆட்டம் ஆன் டூ.

ஆன் டூவை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் எடி டோரஸ். டிட்டோ புவென்டே என்கிற பெரிய லத்தீன் இசைக்கலைஞரின் குழுவோடு மேடையில் ஆடியவர். தெருவிலும் க்ளப்பிலும் பார்த்துக் கற்றவர். தான் ஆடுவதை எண்ணிக்கையாகப் பிரித்துச் சொல்ல அவருக்கு உதவியது ஜூன் லபெர்ட்டா என்கிற பால்ரூம் ஆசிரியை. இன்று இந்த ஊரில் ஆன் டூ சொல்லித்தருகிற அநேகம் பேர் எடி டோரஸிடம் கற்றவர்கள், அல்லது அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள்.

நியூயார்க்கில் இருந்துகொண்டு ஆன் ஒன்னில் தொடங்காதீர்கள். சுலபம் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு வருடம் கழித்து நல்ல சோஷியலுக்கு, அதாவது நடன ஸ்டூடியோவில் எல்லோரும் கூடி ஆடுகிற இரவுக்கு, போனால் சுற்றிலும் எல்லோரும் ஆன் டூ ஆடுவார்கள், உடம்பு பழகியதை அழித்துவிட்டு மறுபடி கற்பது பெரும்பாடு. என்னோடு ஆடுகிறவர்களில் இப்படி இரண்டு முறை கற்றவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் சொல்வதும் இதுதான்.

21 ஜனவரி 2024

மிருதங்கம் கற்ற ஒருவர் எழுதியிருக்கிறார்: "எட்டு எண்ணிக்கை என்றால் ஆதி தாளம்தானே, நமக்கு வராமல் போகுமா?"

வரும். ஆனால் அந்தப் பழக்கமே முதலில் குறுக்கேயும் நிற்கும். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழ வேண்டும் என்று நம் காதுக்குள் ஏறியிருக்கிறது. ஆன் டூவில் உடம்பின் கனம் 2-இல் விழ வேண்டும். அனாகத எடுப்பில் வருகிற பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாளம் தொடங்கிவிட்டது, பாட்டு கொஞ்சம் தள்ளி எடுக்கிறது, இடையில் இருக்கிற அந்த இடைவெளி இனிக்கிறது. எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

காங்காவைக் கேளுங்கள், கையால் தட்டுகிற உயரமான டிரம் அது. 2-ஆம் எண்ணிக்கையில் "டப்" என்று ஒரு அறை விழும், 4-இல் இரண்டு திறந்த ஒலி "தும் தும்". அந்த அறையில் பிரேக் போட்டால் போதும், எண்ணவே தேவையில்லை. முதல் சில மாதம் காங்கா கேட்காது, டிரம்பெட்டும் பாடகரும்தான் கேட்கும். ரயிலில் போகும்போது காங்காவை மட்டும் தேடிக் கேட்டுப் பழகுங்கள். வகுப்பில் கிடைக்காத பயிற்சி அது.

22 ஜனவரி 2024

மேலே சொன்னதோடு சேர்த்து: கௌபெல் என்கிற உலோக மணியை அடிக்கிறவர் 1, 3, 5, 7-இல் அடிப்பார். கூட்டத்தில் தொலைந்துபோனால் முதலில் அதைப் பிடியுங்கள். காங்கா அப்புறம்.

3 பிப்ரவரி 2024

பள்ளி எப்படித் தேர்வது என்று மறுபடி மூன்று பேர் கேட்டாயிற்று. என் அனுபவத்தில் பார்த்தது.

வகுப்பைச் சேர்வதற்கு முன் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் விடுவார்கள். பார்க்கும்போது ஆசிரியரைப் பார்க்காதீர்கள், மாணவர்களைப் பாருங்கள். இரண்டாம் நிலை வகுப்பில் இருக்கிறவர்கள் இசை போட்டதும் தாங்களாகத் தொடங்குகிறார்களா, அல்லது "5, 6, 7, 8" என்று ஆசிரியர் சொன்னால்தான் கால் நகர்கிறதா? இரண்டாவது வகை என்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே கோவையாக நகர்வுகள் மனப்பாடமாகும், ஆட்டம் வராது.

பார்ட்னர் மாற்றுகிறார்களா என்பது இரண்டாவது. சில நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஓர் ஆள் தள்ளிப் போக வேண்டும். பத்துப் பேர் கையைப் பிடித்தால்தான் லீட், அதாவது ஆட்டத்தை வழிநடத்துவது, என்பது என்ன என்று புரியும். ஒருவரோடேயே பழகினால் இருவரும் சேர்ந்து ஒரே தவறை ஒத்திகை பார்க்கிறோம்.

மூன்றாவது பணம். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் வந்துபோவது என்றால் சுமார் 20 முதல் 25 டாலர். மாதக் கணக்கில் எடுத்தால் குறையும். ஒரு ஸ்டூடியோவில் முதல் நாளே என்னை ஓர் அறையில் உட்காரவைத்து ஆயிரக்கணக்கில் ஒரு பேக்கேஜை எடுக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேசினார்கள். அழகான இடம், பளபளவென்று கண்ணாடி, ஆனால் அங்கே ஆடுகிற யாரையும் எந்தச் சோஷியலிலும் நான் பார்த்ததில்லை. மாணவர்கள் வெளியே வந்து ஆடுகிற பள்ளிதான் பள்ளி. சோஷியலில் நன்றாக ஆடுகிறவரிடம் "யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

முதல் நிலையில் அடிப்படை அடி, ரைட் டர்ன் (வலப்பக்கச் சுழற்சி), கிராஸ் பாடி லீட் (துணையைக் குறுக்கே கடந்து போகவிடுவது) மூன்றும் வரும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு முழுப் பாட்டுக்கு ஆடலாம். அவசரமாக நாலாம் நிலைக்கு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

4 பிப்ரவரி 2024

கணவரோடு வரலாமா, பார்ட்னர் மாற்றுவதில் அவருக்குத் தயக்கம் என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். வரலாம், மாற்ற விருப்பமில்லை என்று ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பல தம்பதிகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களே வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் வீட்டில் இருவருக்கும் யார் சரி என்று சண்டை வருகிறது, மூன்றாவது ஆளோடு ஆடினால்தான் தீர்ப்புக் கிடைக்கும்.

எங்கள் அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். யார் கையைப் பிடித்திருக்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். "அந்த வயசான அம்மா எவ்வளவு நல்லா ஆடுறாங்க, அவங்ககிட்ட கத்துக்கோ" என்றார். சரியான கண்.

18 பிப்ரவரி 2024

க்ளப்புக்கும் சோஷியலுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்காமலே இரண்டையும் எழுதிக்கொண்டு போகிறேன்.

சோஷியல் நடப்பது நடன ஸ்டூடியோவில். மரத்தளம், வெளிச்சம் ஓரளவு இருக்கும், பெரும்பாலும் மது கிடையாது, வயது வரம்பு பார்க்க மாட்டார்கள், நுழைவு 15 முதல் 20 டாலர். எல்லோரும் ஆடத்தான் வந்திருப்பார்கள். நடுவில் மேடை நிகழ்ச்சி ஒன்றிரண்டு இருக்கும். க்ளப்பில் 21 வயது, அடையாள அட்டை, குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக் கழற்றிவைக்கத் தனிக் காசு, தளம் வழுக்கலாம் அல்லது பிசுபிசுக்கலாம், பிறந்தநாள் கொண்டாட வந்த கூட்டம் நடுவில் நின்று செல்ஃபி எடுக்கும். ஆனால் க்ளப்பில்தான் நேரடி இசைக்குழு அதிகம் கிடைக்கும்.

புதிதாகக் கற்கிறவர் க்ளப்பில் தொடங்குவது நல்லது என்று நிறையப் பேர் சொல்வார்கள், இருட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. நான் அதை ஏற்கவில்லை. சோஷியலில் ஆரம்ப நேரத்தில், வகுப்பு முடிந்த கையோடு, கூட்டம் குறைவு. இடம் இருக்கும், பொறுமையாக ஆடுகிற மூத்தவர்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் புதியவர்களுக்குப் பொற்காலம். பதினொரு மணிக்கு மேல் வந்து சுவரோரம் நின்று பயப்படுகிறவர்களைப் பார்க்கும்போது கையைப் பிடித்து "சீக்கிரம் வாருங்கள்" என்று சொல்லத் தோன்றும்.

அடையாள அட்டை பற்றி: இந்திய ஓட்டுநர் உரிமத்தைச் சில வாசல்களில் ஏற்க மாட்டார்கள். மாநில அட்டை வரும்வரை பாஸ்போர்ட்தான்.

2 மார்ச் 2024

செருப்பு, ஷூ. ரப்பர் அடியுள்ள ஓட்டப் பயிற்சி ஷூவில் சுழலாதீர்கள். தளம் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் இருக்கிற முட்டி மாட்டிக்கொள்ளும். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், அந்த முட்டிகளைப் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதங்களுக்குத் தோல் அடியுள்ள எந்த ஷூவும் போதும். அப்புறம் ஸ்வேட் அடியுள்ள நடன ஷூ வாங்கிக்கொண்டு தெருவில் போடாமல் பையில் எடுத்துப் போங்கள்.

மாற்றுச் சட்டை ஒன்று, சின்னத் துண்டு ஒன்று, மின்ட் மிட்டாய். இங்கே நன்றாக ஆடுகிற ஆண்கள் ஓர் இரவில் மூன்று சட்டை மாற்றுவார்கள். அது மரியாதை.

3 மார்ச் 2024

"மூன்று சட்டையா! துவைப்பது யார்?" என்று கேட்டவருக்கு: அவரேதான் துவைக்க வேண்டும்.

27 ஏப்ரல் 2024

பச்சாட்டா என்கிற இன்னொரு லத்தீன் ஆட்டம் பற்றி எழுதச் சொல்லி வந்த கேள்விக்கு. இப்போது அநேக இரவுகளில் சல்சாவும் பச்சாட்டாவும் கலந்துதான் போடுவார்கள். பச்சாட்டா டொமினிகன் குடியரசிலிருந்து வந்தது, வாஷிங்டன் ஹைட்ஸிலும் பிராங்ஸிலும் டொமினிகன் குடும்பங்கள் ஏராளம், அதனால் இந்த ஊரில் அது வெளியிலிருந்து வந்த மோகம் இல்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் சல்சாவுக்காக ஆறு நிறுத்தம் ரயில் மாறிப் போய் ஒரு மணி நேரத்தில் மூன்றே சல்சா கேட்டுத் திரும்பினால் மனம் வெறுத்துப்போகும். விளம்பரத்தில் விகிதம் போட்டிருப்பார்கள், 70/30 என்றோ 50/50 என்றோ. இல்லாவிட்டால் அமைப்பாளரிடம் கேளுங்கள். சில இடங்களில் தனித்தனி அறை. மம்போ (சல்சாவுக்கு முந்தைய ஆட்டம்) என்று தனியாகப் போட்டிருந்தால் அது ஆன் டூ ஆடுகிறவர்களின் இரவு என்று அர்த்தம், பயப்படாமல் போகலாம்.

9 ஜூன் 2024

வெயில் வந்தாயிற்று. காசே இல்லாமல் ஆட வேண்டுமானால் இப்போதுதான்.

ஒன்று, பிராங்ஸில் ஆர்ச்சர்ட் பீச். கோடை ஞாயிறுகளில் கடற்கரையில் சல்சா. 6-ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான பெல்ஹாம் பே பார்க் வரை போய் பி.எக்ஸ். 12 பஸ் பிடிக்க வேண்டும். கடைசி வரை கடற்கரைக்குப் போகிற பஸ் கோடையில் மட்டும்தான். அங்கே ஆடுகிறவர்கள் பாதிப் பேர் எந்த வகுப்புக்கும் போனதில்லை. போர்ட்டோ ரிகோ குடும்பங்கள் ஐஸ் பெட்டியோடும் மடக்கு நாற்காலியோடும் காலையிலேயே வந்துவிடுவார்கள். தாத்தா பேத்தியோடு ஆடுவார். வகுப்பில் கற்ற டர்ன் எல்லாம் அங்கே செல்லாது, கால்களைச் சின்னதாக வைத்து இசைக்குள் நிற்பவர்தான் அங்கே ஆட்டக்காரர். ஆறு மாதம் கற்றுவிட்டு நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வரும்போது ஒரு முறை போய்வர வேண்டிய இடம்.

இரண்டு, லிங்கன் சென்டர் என்கிற கலை அரங்க வளாகம். 1989-இலிருந்து மிட்சம்மர் நைட் ஸ்விங் என்று கோடையில் திறந்தவெளியில் நடத்தினார்கள், ஒவ்வோர் இரவும் முதலில் வகுப்பு, பிறகு பெரிய இசைக்குழு. 2022 முதல் அது சம்மர் ஃபார் தி சிட்டி என்கிற பெரிய விழாவுக்குள் வந்துவிட்டது. நீரூற்றுச் சதுக்கத்திலேயே நடனத் தளம் போடுகிறார்கள், மேலே பெரிய கண்ணாடிப் பந்து. எல்லா இரவும் சல்சா இல்லை. நிரலைப் பார்த்துச் சல்சா இரவுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் கடற்கரை இல்லை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் ஏறிய பிறகு திரும்பி வருவது பெரிய பயணம்.

13 ஜூலை 2024

"சல்சா கியூபாவின் சொத்து, நியூயார்க்கில் கற்பது நகல்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

வேர் கியூபாவில்தான். சோன் என்கிற இசை வகை, கிளாவே என்கிற தாளக் கட்டு, காங்கா, போங்கோ டிரம்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1940-களின் கடைசியிலிருந்து பிராட்வேயும் 53-வது தெருவும் சேருகிற இடத்தில் பலேடியம் என்கிற அரங்கம் இருந்தது. மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரொட்ரீகெஸ் மூன்று பேரின் குழுக்களும் அங்கே வாசித்தன. போர்ட்டோ ரிகோகாரர்கள், கறுப்பின மக்கள், இத்தாலியர்கள், யூதர்கள் ஒரே தளத்தில் ஆடினார்கள், அன்றைய அமெரிக்காவில் அது எவ்வளவு அரிது என்று நினைத்துப் பாருங்கள். புதன்கிழமைகளில் கில்லர் ஜோ பைரோ என்பவர் மம்போ வகுப்பு எடுப்பார், அப்புறம் ஆட்டம். இன்று நாம் போகிற "வகுப்பும் பார்ட்டியும்" அமைப்பு அவ்வளவு பழையது.

பிறகு கியூபாவோடு அமெரிக்காவின் உறவு அறுந்தது, ஹவானா குழுக்கள் வருவது நின்றது. ஸ்பானிஷ் ஹார்லெமிலும் பிராங்ஸிலும் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் தெருவின் சத்தத்தை அந்த இசைக்குள் ஏற்றினார்கள். எடி பால்மியேரி 1961-இல் லா பெர்ஃபெக்தா குழுவைத் தொடங்கி டிரம்போன்களை முன்னால் நிறுத்தினார், அந்தக் கரகரப்பு நியூயார்க்குடையது. 1964-இல் ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் ஃபானியா ரெகார்ட்ஸ் என்கிற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971 ஆகஸ்ட் 26 அன்று சீட்டா என்கிற க்ளப்பில் அந்த நிறுவனத்தின் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழு வாசித்த இரவு படமாகவே வந்தது.

ஆட்டத்திலும் வித்தியாசம் உண்டு. கியூபாவின் கசீனோ வட்டமாகச் சுழலும். நியூயார்க் ஆட்டம் நேர்கோட்டில், ஒருவர் ஒதுங்கி வழிவிட மற்றவர் அந்தக் கோட்டில் கடந்து போகிறார். கசீனோ கற்க ஆசையிருந்தால் இந்த ஊரிலேயே வகுப்பு உண்டு, பல ஜோடிகள் சேர்ந்து ஆடுகிற ருவேடா வட்டங்களும் உண்டு. கற்றுக்கொள்ளுங்கள், அருமையான ஆட்டம். நகல் என்ற சொல் மட்டும் வேண்டாம். இது இங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பு.

14 ஜூலை 2024

அந்தப் பலேடியம் 1966-இல் மூடியது. போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, கேட்டவருக்காகச் சொல்கிறேன். வில்லியம்ஸ்பர்கில் கிராண்ட் தெருவில் இருக்கிற டோனீட்டாவின் கரீபியன் சோஷியல் க்ளப் இன்னும் இருக்கிறது. 1970-களில் தொடங்கியது, அந்தக் காலத்துப் போர்ட்டோ ரிகோ க்ளப்புகளில் மிஞ்சியிருக்கிற மிகச் சிலவற்றில் ஒன்று. டாமினோ ஆடுவார்கள், சாப்பாடு இருக்கும், பாட்டு ஓடும். ஆடக் கற்கிற இடமில்லை. அக்கம்பக்கத்தாரின் கூடம் அது, விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

22 செப்டம்பர் 2024

ஆட அழைப்பது, மறுப்பது பற்றி. இதைப் பெண்கள் நிறையப் பேர் தனியாகக் கேட்டார்கள், பொதுவிலேயே எழுதுகிறேன்.

யாரும் யாரையும் அழைக்கலாம். பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடிந்தால் நன்றி சொல்லிப் பிரிவதுதான் வழக்கம், தொடர்ந்து இன்னொரு பாட்டு ஆட வேண்டும் என்ற கடமை கிடையாது. வேண்டாம் என்றால் "நன்றி, இந்தப் பாட்டு வேண்டாம்" போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. இறுக்கிப் பிடிக்கிறவர், கையை முறுக்குகிறவர், கேட்காமல் டிப் போடுகிறவர் (முதுகை வளைத்துச் சாய்க்கிறவர்) யாரானாலும் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு நடந்து போகலாம். நான் செய்திருக்கிறேன். ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்து முதுகை வளைக்கப் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு நேராக அமைப்பாளரிடம் போய்ச் சொன்னேன், அவர் அப்போதே அந்த ஆளிடம் பேசினார். பேசாத அமைப்பாளரின் இரவுக்கு நான் மறுபடி போவதில்லை.

இன்னொன்று. ஆட்டத் தளத்தில் யாருக்கும் பாடம் நடத்தாதீர்கள். "உங்கள் கை இப்படி இருக்கணும்" என்று நடுவில் நிறுத்திச் சொல்கிறவரோடு யாரும் இரண்டாம் முறை ஆட மாட்டார்கள்.

24 செப்டம்பர் 2024

யோசித்துப் பார்த்தேன். பெண்கள் ஃபாலோ, அதாவது லீடைப் பின்தொடர்ந்து ஆடுவது, மட்டும்தான் கற்க வேண்டும் என்ற தொனி என் குறிப்புகளில் இருந்துவிடக் கூடாது. நான் இப்போது லீடும் கற்கிறேன். ஆன் டூவில் 2-ஆம் எண்ணிக்கையில் லீட் வலது காலைப் பின்னால் வைத்துப் பிரேக் போடுகிறார், ஃபாலோ அதே நேரம் முன்னால் வருகிறார். இரண்டு பக்கமும் தெரிந்தவுடன் என் ஃபாலோவே தெளிவாகிவிட்டது. எந்த நல்ல வகுப்பிலும் எந்தப் பக்கம் வேண்டுமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

11 ஜனவரி 2025

இரவு வீடு திரும்புவது பற்றி ஜெர்சிக்காரர்களுக்கு. மான்ஹாட்டனையும் நியூஜெர்சியையும் இணைக்கிற பாத் ரயில் 24 மணி நேரமும் ஓடும், ஆனால் வார நாட்களில் இரவு 11-க்கு மேல் 33-வது தெருவிலிருந்து ஜர்னல் ஸ்கொயருக்கு ஹோபோக்கன் வழியாகச் சுற்றித்தான் வரும், இடைவெளியும் கூடும். என் ஷிஃப்ட் காரணமாக எனக்குத் திங்கள், செவ்வாய் இரவுகள்தான் காலி. அதில் ஒரு லாபம்: வார இரவுகளில் வருகிறவர்கள் ஆட மட்டுமே வருகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டம் வேறு.

9 ஆகஸ்ட் 2025

எடி பால்மியேரி காலமானார், 88 வயது. டிரம்போன்களை முன்னால் நிறுத்தியவர் என்று போன வருடம் மேலே எழுதியது இவரைப் பற்றித்தான். இந்த வாரம் எந்த இரவுக்குப் போனாலும் அவருடைய இசை இல்லாமல் இருக்காது. பியானோவை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அறையின் சூட்டை ஏற்றுவார், ஆடுகிறவர்கள் தங்களை அறியாமல் வேகமாகிவிடுவோம். எத்தனையோ அலுப்பான ஷிஃப்டுக்குப் பிறகு என்னைத் தளத்துக்கு இழுத்துப்போனது அந்தக் கைகள்.

28 செப்டம்பர் 2025

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அக்டோபரில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் காட்ட வேண்டும், க்ளப்புக்குக் கூட்டிப்போகத் தயக்கம், எங்கே போகலாம்?

லிங்கன் சென்டர் கோடையோடு முடிந்தது, ஆர்ச்சர்ட் பீச்சும் குளிரத் தொடங்கிவிடும். ஞாயிறு மாலை ஸ்டூடியோ சோஷியல் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். மது இல்லை, வெளிச்சம் உண்டு, சுவரோரம் நாற்காலி போட்டிருப்பார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடுவதை அங்கேதான் நிறையப் பார்க்கலாம், பெற்றோருக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. யாராவது உங்கள் அம்மாவை ஆட அழைத்தாலும் அழைப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வருவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். அப்பாவுக்குத் தாளம் தெரியும் என்று எழுதியிருந்தீர்களே, அவரை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காரவைக்காமல் கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள். அங்கேதான் காங்கா தனியாகக் கேட்கும்.

பார்க்க மட்டும் வருகிறவர்களிடமும் கட்டணம் வாங்குவார்கள், ரொக்கமாக எடுத்துப் போங்கள். நிகழ்ச்சி ஆரம்பித்த நேரத்துக்கே போய்விட்டால் நாற்காலி கிடைக்கும். ஆடுகிறவர்களுக்காக ஏசியைக் கடுமையாக வைத்திருப்பார்கள், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர்.